வாடை

தெர்மாகோல் பெட்டியைப் பார்த்ததும்
உச்சிப்புளியில் கண்டக்டர் கேட்டார்:
"நண்டா, இறாலா?"
பனி என்றேன்.
"ஐஸ்னு சொல்லுங்க" என்று
முப்பது ரூபாய்க்கு லக்கேஜ் சீட்டு கிழித்தார்.

ஐஸ் இல்லை.
பூமியின் தென்கோடியில் யாரும் மிதிக்காமல் கிடந்ததை
எவர்சில்வர் கரண்டியால் அள்ளி அடைத்தது.
அடைத்தவன் சந்தியாகு.
தங்கச்சிமடத்தில் விசைப்படகு எஞ்சின் பார்த்தவன்,
ஒரு வருட ஒப்பந்தத்தில்
அங்கே ஜெனரேட்டர் பார்க்கிறான்.

போனில் சொல்லிக்கொடுத்திருந்தேன்:
முகத்துக்குக் கிரீம் கூடாது, பீடி கூடாது.
புகை தொடாத தூரம் நட.
காற்றைப் பார்த்து நின்று அள்ளு.
காற்று என்ற கட்டத்தில் டிகிரி எழுது.

டிகிரி எழுதவில்லை. பென்சிலில்,
ஒன்றாம் குப்பி: சோழகம். கொல்லும் குளிர்.
நான்காம் குப்பி: சோழகம். விரல் இருக்கான்னு தெரியல.
ஏழாம் குப்பி: வாடை.
இங்க வாடைதான் கதகதப்பு அக்கா,
நம்ம பக்கமிருந்துல்ல வருது.

எட்டாவது வெறும் குப்பி.
மண்டபத்தில் நான் காய்ச்சி வடித்து நிரப்பிய தண்ணீர்.
கப்பலில் போய், பனியில் ஒரு நிமிடம் மூடி திறந்து,
எதையும் அள்ளாமல் திரும்பி வந்தது.
கங்கைக்கு மணலும் இங்கே கங்கையுமாக
ராமேஸ்வரத்தில் நடக்கிறதே, அந்த மாதிரிப் பயணம்.
சாட்சிக்குப் போனது என்றும் சொல்லலாம்.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது, வந்தது.
மறுபடி முதலிலிருந்து.
பதினேழாவது நிமிடத்தில்
ஏழாம் குப்பியின் கோடு
மீன்முள் போல ஒன்று எழுந்து படுத்தது.

அந்தப் பெயர் எனக்குத் தெரியும்.
கமுதிப் பக்கம் என் கொழுந்தன் முத்திருளாண்டி
குண்டுமிளகாய்க்கு அடித்த மருந்து.
தடை வந்து எத்தனையோ வருடம்.
அந்தத் தகர டப்பாவைப் பாதியாய் வெட்டி
கோழிக்குத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள்.

கரிசல் காய்ந்தால் எழும்பும்,
ராத்திரி குளிர்ந்தால் உட்காரும்,
விடிந்தால் திரும்ப எழும்பும்.
தத்துக்கிளித் தாவல் என்போம் நாங்கள்.
தத்துக்கிளி சாகட்டும் என்று அடித்தது
தானே தத்தித் தத்தி
கடல் தாண்டிக் கோடு தாண்டி
வெயில் எழுப்பாத ஓரிடத்தில்
அப்படியே உட்கார்ந்துவிட்டது.

இதை எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன்.
ராத்திரி பத்துக்கு
எட்டாம் குப்பியைப் போட்டேன்.
அதே பதினேழு. அதே முள், கொஞ்சம் குட்டை.

போகாத ஊரின் பனி அல்ல அது.
என் தண்ணீர், என் அறை,
ஜன்னலுக்கு வெளியே காயும் கருவாடு, அதன் மேல் எவனோ அடித்த எதுவோ,
பஸ்ஸில் கம்பி பிடித்த என் கை.
எது என்று சொல்லத் தெரியவில்லை.

கழிக்க வேண்டும் என்பது விதி.
கழித்தேன்.
வெறும் குப்பியில் இருப்பது கூடக் கூட
'உண்டு' என்று சொல்லும் கோடு மேலே ஏறும்.
ஏழாம் குப்பி அந்தக் கோட்டுக்கு
மயிரிழை கீழே நின்றது.

கண்டறியப்படவில்லை என்று அடித்தேன்.
இங்கே இவ்வளவு இருப்பதால்
அங்கே இருப்பதைக் காண முடியவில்லை என்று அடிக்க
அந்தப் படிவத்தில் இடமில்லை.

சந்தியாகு கூப்பிட்டான். பேசினால்
இரண்டு நொடி கழித்துத்தான் அவனுக்குக் கேட்கும்.
"ஏழாம் குப்பி என்னாச்சுக்கா?"
இல்லையாம் என்றேன்.
ஒன்று. இரண்டு.
"இல்லையா, இல்லையாமா?"

அடுத்த வருடக் குப்பிகளுக்கு விண்ணப்பம் எழுதுகிறேன்.
வெறும் குப்பியை மண்டபத்தில் நிரப்ப வேண்டாம் என்று
சிவப்பில் குறித்தாயிற்று.
பின் எங்கே நிரப்புவது
என்ற கட்டம் மட்டும் கிடக்கிறது.