ஏழாவது நீலம்

கனகபுரா சாலையில் தாராலோக் கோட்டைக்கு
ஐந்து கோபுரங்கள்.
மூன்றுக்குள் படிக்கட்டு, ஒன்றுக்குள் தண்ணீர்த் தொட்டி,
ஐந்தாவதற்குள் புறா.

காவிரிக் கலவரம் அடங்கி
பஸ் மறுபடி ஓடிய வாரம் வேலைக்குச் சேர்ந்தேன்.
பேர் கேட்டால் எஸ்தர் என்று மட்டும் சொல்,
ஊர் கேட்டால் லிங்கராஜபுரம் என்று சொல்,
வேறெதுவும் பேசாதே என்றார் சூசைநாதன் மேஸ்திரி.
மூன்று மாதம் நான் பிரஷ்ஷோடுதான் பேசினேன்.

முதலாளி கேட்டது ஆகாய நீலம்.
வந்து இறங்கியது
கலாசிப்பாளையத்தில் லாரிக்கு அடிக்கிற நீலம்,
பதினெட்டு டிரம், பாதி விலை.
சிமெண்டில் எனாமல் நிற்காது என்றார் மேஸ்திரி.
நின்றது.
மத்தியான வெயிலில் அதைப் பார்த்தவர்கள்
தும்மினார்கள்.

அப்புறம் ரோஸ்.
வாசலில் எட்டடி எலி ஒன்று சிரித்தது,
வக்கீல் நோட்டீஸ் வரும் என்று யாரோ பயமுறுத்த
ஒரே ராத்திரியில் காதை இழுத்து முயலாக்கினோம்.
வாலை மறந்துவிட்டோம்.
ஐந்து வருஷம் அந்த முயல்
எலிவாலோடு டிக்கெட் கிழித்தது.

கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள்
கழுத்தில் அட்டை தொங்க வரத் தொடங்கியதும்
பலகையில் ரிசார்ட் என்று ஒரு வார்த்தை சேர்ந்தது.
கோட்டை சாம்பலானது.
காட்டேஜ் தூண்கள் சிமெண்ட்,
அவற்றுக்கு மர நரம்பு வரைந்தவள் நான்.
முந்நூற்றுப் பன்னிரண்டு தூண்.
ஒன்றில் மட்டும் கணு வைக்காமல் விட்டேன்,
அன்றைக்குச் சம்பளப் பாக்கி.

அதற்குப் பிறகு கல்யாணங்கள்.
சந்தன நிறம், ஓரத்தில் தங்கம்.
சறுக்குமரத்தின் மேல் பூப்பந்தல் போட்டார்கள்.
புகைப்படத்தில் பெண்ணின் புடவையோடு
சண்டை போடாத சுவர் வேண்டும் என்பதுதான்
அப்போதைய கொள்கை.

நோய் வந்த இரண்டு வருஷம்
நிறத்தைப் பாசி பார்த்துக்கொண்டது.
தெற்குச் சுவரில் அது செய்திருந்த வேலையை
நான் செய்திருந்தால்
மேஸ்திரி தட்டிக்கொடுத்திருப்பார்.

இந்தச் சித்திரையில் தன்வி வந்தாள்,
வடிவமைப்புக் கம்பெனி, பாண்டுரங்கா நாயக் அனுப்பிய பெண்.
பழைய தாராலோக் திரும்ப வேண்டுமாம்.
கையில் ஒரு போட்டோ,
ஆல்பத்திலிருந்து உரித்தது, பின்னால் பசை.
கோட்டை முன்னால் ஒரு குடும்பம்
கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறது.

சுவரில் உள்ளங்கை அகலம் சுரண்டிக் காட்டினேன்.
சந்தனம், சாம்பல், ரோஸ்,
அடியில் லாரி.
காயம் பட்ட மாதிரி அவ்வளவு புதுசாய்.
குனிந்து பார்த்தாள், போட்டோவைப் பார்த்தாள்.
இது இல்லை ஆன்ட்டி, என்றாள்.

போட்டோவில் இருந்தது வேறு.
வெளுத்து, லேசாய் மஞ்சள் ஏறி,
பிளாஸ்டிக் உறைக்குள் முப்பது வருஷம் கிடந்த நீலம்.
வெள்ளையைக் கூட்டினேன், இல்லை என்றாள்.
மஞ்சள் ஒரு சொட்டு, இல்லை.
நான்காவது முறை காவி, ஐந்தாவது முறை கோபம்.
ஏழாவதில்
டீ கிளாஸ் கழுவின தண்ணீர் நிறம் வந்ததும்
கைதட்டினாள்.

அடித்தோம்.
ஐந்து கோபுரங்களும் புத்தம் புதுசாய் வெளுத்து நின்றன.

திறந்த அன்று
நாற்பது வயசுக்காரர் ஒருவர் மகளோடு வந்தார்.
கோட்டையை அண்ணாந்து பார்த்தார்.
நான் வந்தப்ப எப்படி இருந்ததோ அப்படியே, என்றார்,
கண்ணைச் சுருக்காமல்.
சொல்லியிருக்கலாம்.
முப்பது வருஷமாய்ப் பழகிய வாய், சொல்லவில்லை.

கன்னடத்திலும் இங்கிலீஷிலும்
ஈரம் என்று எழுதி வைத்திருந்தேன்.
படிக்காமல் கை வைத்தார்.
நான்கு விரலிலும் ஏழாவது நீலம்.
தின்னர் துணியை நீட்டினேன்.
பரவாயில்லை, இருக்கட்டும் என்றார்.

சட்டையில் பட்டால் போகாது, என்றேன்.