வண்டியில் என்ன இருக்கு

தேர்தல் தேதி அறிவித்த மறுநாள்
அயனாவரம் ஸ்டேஷனிலிருந்து போன்.
'தெய்வசிகாமணி சார் இருக்காரா?
ரிவால்வரை ஒப்படைக்கச் சொல்லணும்.'
சார் போய் இருபத்திரண்டு நாள் ஆகிறது என்றேன்.
இருமல். பிறகு,
'அப்ப நீங்க கொண்டாங்கம்மா.'
என் பெயரில் லைசென்ஸ் இல்லையே.
'அதனாலதான் சொல்றேன், சீக்கிரம் கொண்டாங்க.'

டாஷ்போர்டில் வைத்தால் கைக்கெட்டும் தூரம்.
சீட்டுக்கு அடியில் என்றால் ஒளித்ததாகிவிடும்.
பக்கத்து சீட்டில் உட்காரவைத்து
பெல்ட் போட்டுவிடவா?
வக்கீல் எபனேசருக்கு அனுப்பிய கேள்வியில்
இரண்டு நீல டிக், பதில் இல்லை.
கடைசியில் டிக்கி, ஸ்டெப்னிக்குப் பக்கம்,
அவருடைய மப்ளரில் சுற்றி.
குண்டுகள் தனியே, ஹார்லிக்ஸ் பாட்டிலில்.

போரூரிலிருந்து முப்பதில் ஓட்டினேன்.
வளசரவாக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ
உரசிக்கொண்டு நுழைந்தது.
கண்ணாடியை இறக்கித் திட்டுகிறவள்
வழிவிட்டேன்.
டிக்கியில் துப்பாக்கி இருக்கிறவளுக்கு
எவ்வளவு பொறுமை!

கோயம்பேடு பாலத்தடியில் பறக்கும் படை.
வீடியோக்காரர் கொட்டாவி விட்டபடி.
'வண்டியில் என்ன இருக்கு?' என்றாள் பெண் காவலர்.
இறப்புச் சான்று, லைசென்ஸ் புத்தகம்,
எல்லாம் மடியில் தயார்.
வாயைத் திறந்தேன்.
'பணம், பணம் இருக்கா?'
முந்நூற்று நாற்பது ரூபாய்.
சிரித்துவிட்டுக் கையசைத்தாள்.

இவ்வளவுதானா.
இதே ஆல்டோவில்தான்
சீட்டுக் கம்பெனி வசூலுக்குப் போவார் அப்பா,
வழியில் என்னை டியூஷனில் இறக்கிவிட்டு.
பின்சீட்டில் நான்
வாய்ப்பாடு சொல்லிக் காலாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்,
எதன் மேல்?

ஸ்டேஷனில் ரைட்டர் பாட்டிலைக் கவிழ்த்து எண்ணினார்.
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி எண்ணினார்.
'புத்தகத்துல ஆறு. இங்க அஞ்சுதான் இருக்கு.'
அப்பா சுட்டதே இல்லை சார்.
சொன்ன பிறகு யோசித்தேன்,
எனக்கு எப்படித் தெரியும்?
'தெரியாதுன்னே எழுதிக் குடுங்க' என்றார்.
எழுதிக் கொடுத்தேன். ரசீது தந்தார்.

திரும்பும்போது ஸ்பீட் பிரேக்கரில்
என் சீட்டுக்கு அடியில்
ஏதோ உருண்டு முன்னால் வந்தது,
அடுத்த மேட்டில் பின்னால் போனது.
ஐந்து ரூபாய் நாணயமாக இருக்கலாம்.
தைல டப்பாவின் மூடியாக இருக்கலாம்.
குனிந்து பார்க்கவில்லை.

பாலத்தடியில் இந்தப் பக்கமும் ஒரு படை.
டார்ச்சை உள்ளே அடித்துக் கேட்டார் ஒருவர்,
'வண்டியில் என்ன இருக்கு?'

இன்ஜினை அணைத்தேன்.