ஓடாத நவம்பர்

நாலு கிழமை ஓடக்கூடாது என்று
எழுதியே தந்துவிட்டாள் பயிற்சியாளர் மொரீன்.
சைக்கிளும் கூடாது. நீச்சலும் கூடாது.
கள்ளமாகப் படியேறினாலும் தனக்குத் தெரியுமாம்.

கைக்கடிகாரத்தைக் கழற்றிப்
பருப்புப் போத்தலுக்குள் புதைத்தேன்.
மணிக்கட்டில் வெளிறிய வளையம்,
கோடை முழுதும் வெயில் படாத இடம்.
உள்ளேயிருந்து அது இரண்டு முறை அதிர்ந்தது,
எழும்பு, நட என்று.
பருப்பு கொஞ்சம் அசைந்தது.
நான் அசையவில்லை.

காலை நாலரைக்கு
உடம்பு தானாக முழித்துக்கொள்கிறது,
வேலையால் நிறுத்தியது தெரியாமல்
கேட் வாசலில் வந்து நிற்கும் ஆளைப்போல.
சும்மா படுத்துக் கிடந்தேன்.
பக்கத்தில் குகதாசன் குறட்டை,
நிமிடத்துக்குப் பதினாலு.
எண்ணாமல் இருக்கவும் பழக வேண்டும்.

ஹமில்டனில், முப்பத்தேழாவது கிலோமீட்டரில்
என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை.
பதக்கத்தைப் பார்த்து வாழ்த்தினார்கள்.
அங்கே, ஒரு பெற்றோல் செட்டுக்கு எதிரே,
இனி இதில் எனக்கு ஒன்றுமில்லை என்று
தெளிவாக, கோபமே இல்லாமல் தோன்றியது.
மிச்சத்தைக் கால்கள்தான் ஓடி முடித்தன.
அவை முடித்ததை
நான் இன்னும் முடிக்கவில்லை.

இரண்டாம் கிழமை
வலது பெருவிரல் நகம் கழன்று விழுந்தது,
கறுப்பாய், புளியங்கொட்டைத் தோல்போல.
கீழே புதியது இல்லை. வெறும் தசை.
எப்ப முளைக்கும் என்றாள் மகள்.
ஒரு வருசம் ஆகுமாம்.
"அதுக்கு நாங்கள் ஒண்டும் செய்யேலாதா?"
ஒண்டும் செய்யேலாது.

ஞாயிறு, ஹைலண்ட் கிறீக் கரையில்
ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடந்தேன்.
முட்டையிட்டு முடிந்த சால்மன்கள்
கல்லிடுக்கில் கிடந்து நாறின.
ஏரியிலிருந்து எதிர்நீச்சல் போட்டு வந்தவை.
இதில் எனக்குப் பாடம் ஏதும் வேண்டாம் என்று
மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்தேன்.
பாலத்தின்மேல் எங்கள் குழு ஓடிப் போனது,
ஃபரா, டெஸ்மண்ட், புதிதாய் ஒரு பெடியன்.
கை காட்டினார்கள்.
ஆடுசதை ஒருதரம் துள்ளி,
தன்னைக் கூப்பிடவில்லை என்று தெரிந்த நாயாக
மறுபடி படுத்துக்கொண்டது.

மூன்றாம் கிழமை எதுவும் நடக்கவில்லை.
அதை மொரீனுக்கு எழுதினேன்.
"அருமை" என்றாள்.

இன்று முதல் பனி.
சறுக்கும் என்று, கார் வரைக்கும்
அடிமேல் அடி வைத்துப் போனவள்
பாதி வழியில்
மூச்சு வாங்காமலே வாய் திறந்து நின்றேன்,
நாக்கில் ஒன்று விழட்டும் என்று.
எவ்வளவு நேரமோ தெரியாது.
எதிர்வீட்டுக்காரர் ஷவலோடு வந்து
ஏதும் தொலைத்துவிட்டீர்களா
என்று கேட்கும் வரைக்கும்.