மூன்று பைட்

கூத்தாநல்லூரில் அப்போது
பம்ப்செட்டுகள் தூங்கிய பிறகுதான்
வோல்டேஜ் எழுந்து நிற்கும்.
இரவு பதினொன்றுக்கு மேல் நான் புரோகிராமர்.
அதுவரை
பிளஸ் டூவோடு நிறுத்தப்பட்ட பெண்.

மச்சான் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த மெஷின்.
ரப்பர் சாவிகள், நாற்பத்தெட்டு கே நினைவகம்.
கடைக்கணக்கு போட வாங்கினார்,
கணக்கு ஏறவில்லை,
கப்பலுக்குத் திரும்பிவிட்டார்.
கையேட்டை நான் எடுத்துக்கொண்டேன்.

ராத்தாவின் நிக்காஹ் கேசட்டின் மேல்
முதல் விளையாட்டைச் சேமித்தேன்.
பைத்து முடியும் இடத்தில்
கீ... கர்ர் என்று திறக்கும் என் மதகு.
இரண்டு மாதம் அவள் என்னோடு பேசவில்லை.

எட்டு மதகுகள், எட்டு விரல்கள்.
வெண்ணாற்றில் தண்ணீர் வரும்,
மேல்மடைக்காரன் திருடுவான்,
அவனை முந்திக்கொண்டு
கடைமடைக்கு நீர் சேர்க்க வேண்டும்.
பயிர் பச்சை, வாடினால் மஞ்சள் என்று எழுதினேன்.
எழுதியதை நான் பார்த்ததில்லை.
எங்கள் டிவியில் எல்லாமே சாம்பல்.

நினைவகத்திலும் முறைப்பாசனம்தான்.
இந்த பைட் இந்த நொடி ஓசைக்கு,
அடுத்த நொடி அதுவே தண்ணீருக்கு.
வரப்பில் ஒரு கொக்கு.
ஒற்றைக்காலில் நிற்பது என்ன அழகு என்று
பத்திரிகையில் எழுதினார்கள்.
இன்னொரு காலுக்கு எட்டு பைட் ஆகும்.

எம். சபூரா என்று அனுப்பினேன்.
எம் என் வாப்பாவின் எழுத்து.
கம்பெனி அதை மிஸ்டர் என்று வாசித்து
அட்டையில் அச்சடித்தது.
பினாங்கிலிருந்து வந்த கடிதங்கள் எல்லாம்
ஐயா, ஐயா.

சென்னையில் நேர்காணல்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஐந்து டை.
இதையெல்லாம் எழுத யார் உதவினார்கள்?
பம்ப்செட்டுகள் என்றேன்.
சிரிக்காத ஒருவர்தான் வேலை கொடுத்தார்.
பிறகு இருபத்தாறு வருடம்:
பஸ் ஓட்டும் விளையாட்டு, பல்லாங்குழி,
செல்போன் வந்தபோது
கட்டைவிரல் அளவுத் திரையில் ஒரு முழுக் கிரிக்கெட் மைதானம்.
பதினோரு பேரை அதில் நிற்கவைக்க முடியாமல்
ஏழு பேரை மட்டும் நிறுத்தினேன்.
யாரும் எண்ணவில்லை.

போன மாதம் தஞ்சாவூரில் விருது.
முதல் பெண் என்றார்கள்.
எங்கள் தொழிலில் எண்ணிக்கை
பூஜ்ஜியத்தில் தொடங்கும்.
எனக்கு முன் பூஜ்ஜியமாக ஒருத்தி
எந்த ஊரிலோ
யாருடைய கேசட்டின் மேலோ
எழுதியிருப்பாள்.

கடைசி வரிசையில் ஒரு பையன் எழுந்தான்.
இருநூற்றைம்பத்தைந்து கட்டம் தாண்டினால்
ஆறு வற்றிப்போகிறதே மேடம்,
அது அரசியல்தானே?
கூடம் கைதட்டத் தயாரானது.
இல்லை தம்பி, பிழை.
ஒரு பைட்டில் அதற்கு மேல் எண்ண முடியாது.
அடுத்தது சைபர்.

திருத்தியிருக்கலாமே?

மூன்று பைட் வேண்டும்.
மிச்சம் இருந்தது இரண்டு.

அந்தக் கொக்கை எடுத்திருந்தால்
முப்பது கிடைத்திருக்கும்.
அதைச் சொல்லவில்லை.