பதினெட்டுக் கிராம்

மா ஆலையில் இரவுமுறை முடித்து வரும்போது
என் இமையிலும் மாச்சத்து.
நாள் முழுக்க மூட்டை மூட்டையாய்
லொறிக்கு எண்ணி விடுகிறவன்
வீட்டுக்கு வந்து
சின்னத் தராசில் சோற்றை நிறுக்கிறேன்.
மனைவி ஒன்றும் சொல்வதில்லை.
தராசைக் கழுவிக் கவிழ்த்து வைக்கிறாள்,
கொஞ்சம் சத்தமாக.

ஓட முன் அறுபத்தெட்டு தசம் இரண்டு.
ஓடிய பின் அறுபத்தாறு தசம் ஒன்பது.
இடையில் குடித்தது அரை லீற்றர்.
பெனியனில் காய்ந்த வெள்ளைக் கோடுகளைப் பார்த்து
உப்புப் போதாது என்று
எனக்கு நானே மருந்தெழுதிக்கொள்வேன்.

அலுமாரியில்
ரொறன்ரோவிலிருந்து சின்னண்ணன் அனுப்பிய ஜெல் பதினொன்று,
காலாவதியாகி இரண்டு மாதம்.
கெண்டைக்கால் பிடிப்புக்கென்று யாரோ சொன்ன மக்னீசியம்.
வெனிலா மணக்கும் புரதப்பொடி,
டின் ஒன்று என் அரை மாதச் சம்பளம்,
அதில் பாதியை எறும்பு தின்றது.
திருகோணமலையிலேயே தசை பிடித்த எறும்பு
எங்கள் வீட்டில்தான்.

கிண்ணியா ஜெஸீலிடம் இதெதுவும் இல்லை.
மின்சாரசபைக்கு மீற்றர் வாசிக்கிறவன்.
படலைக்குப் படலை நடப்பதும்
நாய்க்குத் தப்பி மதில் பாய்வதும்
தனக்குப் போதும் என்பான்.

நோன்பு மாதம்.
"பின்னேரம் ஓடுவம் மச்சான்,
முடியக்குள்ள பாங்கு சொல்ல வேணும்,
அவ்வளவுதான் கணக்கு."
நிலாவெளியில் ஐந்து மணிக்குத் தொடங்கி
ஜமாலியா வரை.
எனக்கு நோன்பில்லை.
ஆனாலும், நானும் குடிக்க மாட்டேன் என்றேன்.
சொல்லும்போது நிழலில் நின்றிருந்தேன்.

உப்பளத்துப் பாத்திகள் கண்ணைக் குத்தின.
அவன் உதடு வெடித்திருந்தது, கதைக்கவில்லை.
நான் கதைத்தேன். கதைத்ததில் நாக்கு காய்ந்தது.
நாக்கு காய்ந்ததில் வேறொன்றையும் நினைக்க முடியவில்லை.
சாம்பல்தீவுப் பாலம் வரமுன்னே
வயிற்றுக்குள் ஒரு கணக்குப்பிள்ளை எழுந்து
பேரேட்டைப் புரட்டத் தொடங்கிவிட்டான்:
ஐம்பது நிமிடம்,
மாச்சத்து பூச்சியம்,
நீர் பூச்சியம்.

"சப்பாத்து நாடா" என்றேன்.
அவன் திரும்பாமல் கையசைத்துவிட்டுப் போனான்.
தாழம்பற்றைக்குப் பின்னால் குந்தி
பல்லால் கிழித்து
இருபத்திரண்டு கிராமையும் ஒரே பிதுக்கில்.
காலாவதியான ஸ்ரோபெரி.
பாலத்தடியில் வலை வீசிக்கொண்டிருந்தவர்
என்னைப் பார்த்தார், உறையைப் பார்த்தார்,
மறுபடி வலையைப் பார்த்தார்.
நாடா அவிழ்ந்திருக்கவே இல்லை.
அவிழ்த்து, திரும்பக் கட்டினேன்,
சொன்னது பொய்யாகிவிடக் கூடாதென்று.

எட்டிப் பிடித்துவிட்டேன் அவனை.
சீனி இரத்தத்தில் ஏறமுன்னே
வெட்கம் ஏறியிருந்தது.
அதிலும் ஓடலாம்,
கொஞ்சத் தூரம்.

ஜமாலியாவில் கடல் கறுத்துக்கொண்டிருந்தது.
பாங்கு.
ஜெஸீல் இடுப்புப் பையிலிருந்து
ஒரு பொலித்தீன் முடிச்சை அவிழ்த்தான்.
ஆறு பேரீச்சம்பழம்.
மூன்று எனக்கு நீட்டினான்.
ஒன்று ஆறு கிராம் என்றால் மூன்றும் பதினெட்டு,
எழுதிக்கொண்டான் உள்ளிருந்தவன்,
மானங்கெட்டவன்.

ஜெஸீல் முதற்பழத்தைக் கடிக்காமல்
கனநேரம் கன்னத்துக்குள் வைத்திருந்தான்.
தண்ணீரை மூன்று மிடறாகக் குடித்தான்.
பிறகு என் பக்கம் சாய்ந்து
"ஸ்ரோபெரி மணக்குது" என்றான்.
கோபமில்லை. சிரிப்புமில்லை.
மீற்றரில் நிற்கும் இலக்கத்தைச்
சொல்வது மாதிரி.

என் கையில் மூன்று பழமும் அப்படியே.
"இன்னும் இருக்கா?"
"ஒண்டு. திகதி முடிஞ்சது."
"தா. இப்பதான் நேரம் வந்திட்டே."

பிதுக்கி, நக்கி,
முகத்தைச் சுளித்து, உறையைத் திருப்பித் திருப்பி
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"இதுக்கா மச்சான் ஒளிச்ச?"