தகைவு

ஓசூர், பாகலூர் ரோடு,
டயர்க் கடைக்கு மேல் மாடி.
சனிக்கிழமை பத்து மணி.
சொல்லித் தருகிற சப்ரீன்
என் மகளைவிட இரண்டு வயது சின்னவள்.
'கண்ணாடியை நாம வெட்டுறதில்லக்கா,
எங்க உடையலாம்னு அதுக்கு ஒரு கோடு காட்டுறோம்.'

சக்கரம் ஓடும்போது
பட்டுத்துணி கிழிகிற சத்தம் வர வேண்டுமாம்.
எனக்கு உப்புத்தாள் தேய்க்கிற சத்தம்தான் வந்தது.
எட்டுத் துண்டு,
ஒன்றுகூட நான் நினைத்த உருவம் இல்லை.

பக்கத்து மேஜை திம்மராயன்,
பேரிகைக்காரர், பல்செட் செய்கிற லேபில் வேலை.
ஓடு ஒவ்வொன்றையும் கடைவாய்ப் பல்போலத்
திருப்பித் திருப்பிப் பார்த்து ஒட்டுவார்.
அவருடைய மொசைக் மீனுக்கு
பல்வரிசை மட்டும் பிரமாதம்.
மாதேஷுக்கு மொபைல் சர்வீஸ் கடை.
விரல் வெட்டிக்கொண்டு தெலுங்கில் திட்டுவான்,
சப்ரீன் கன்னடத்தில் பிளாஸ்திரி நீட்டுவாள்.

நான்
கிருஷ்ணகிரி மாங்கூழ் ஃபேக்டரி லேபில்
பதினேழு சீசன் இனிப்பை அளந்தவள்.
பதினெட்டாவதுக்கு போன் வரவில்லை.
கணக்கு முடிக்கப் போன அன்று
குப்பைக்கூடையில் கிடந்த பழுப்பு மருந்து பாட்டிலிலிருந்து
ஒரு சில்லைக்
கைக்குட்டையில் மடித்து எடுத்து வந்தேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

வேறு கண்ணாடி கலக்காதீங்க,
மூன்று முறை சொல்லியிருந்தாள்.
சூட்டில் விரிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கணக்கு,
ஆறுகையில் சுருங்கவும் அதே கணக்கு.
அவள் போன் பேச வெளியே போன நேரம்
மஞ்சள் தட்டின் நடுவில்
சில்லை வைத்து மேலே இன்னொரு மஞ்சளை மூடினேன்.

எண்ணூறு டிகிரி.
பிறகு ஐநூற்றுப் பத்தில் கொஞ்ச நேரம் நிறுத்தம்,
அங்கிருந்து ராத்திரி முழுக்க இறக்கம்.
உலை மூடியைத் திறக்காமல் இருப்பதுதான்
இந்த வேலையில் பாதி.

ஞாயிறு மதியம் எடுத்தபோது
ஓரமெல்லாம் உருண்டு, மழமழவென்று,
ஊற்றி வைத்த கூழ் மாதிரி இருந்தது.
திம்மராயன் நகத்தால் தட்டிக் காது வைத்துக் கேட்டு
'செட் ஆயிடுச்சும்மா' என்றார்.
பிரிட்ஜ் மேல் வைத்தேன்.

புதன் ராத்திரி,
டிவியும் ஓடவில்லை,
டிக்.
பல்லி என்று நினைத்துத் தூங்கிவிட்டேன்.
காலையில் பழுப்பைச் சுற்றி
நகம் பட்ட மாதிரி ஒரு பிறை.

சப்ரீன் திட்டவில்லை.
செத்த போன் திரைகளிலிருந்து
மாதேஷ் உரித்து வைத்திருந்த சாம்பல் தாள்
இரண்டு வாங்கினாள்.
விளக்கின்மேல் ஒன்று, அதன்மேல் குறுக்காக இன்னொன்று.
வெளிச்சம் அணைந்தது.
இரண்டுக்கும் நடுவே என் தட்டைச் செருகினாள்.
தட்டு முழுக்க இருட்டு.
பழுப்பைச் சுற்றி மட்டும்
வெள்ளையாக ஒரு வளையம்.

பள்ளிக்கூடத்தில் தகைவு என்று
மனப்பாடம் செய்து மார்க் வாங்கியிருக்கிறேன்.
அது இவ்வளவு வெளிச்சம் என்று
யாரும் சொன்னதில்லை.
'எடுத்த அன்னிக்கே இப்படித்தான் இருந்திருக்கும்'
என்றாள் சப்ரீன்.

ஒரு தாளை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

கிருஷ்ணகிரி பஸ், ஜன்னல் சீட்.
சூளகிரி மலை தாண்டி வெயில் சாயும்போது
தாளைக் கண்ணருகே பிடித்து மெல்லத் திருப்பினேன்.
மூடிய ஜன்னல் முழுக்கச்
சிறுத்தைப் புள்ளிகள், வரிசை வரிசையாக.
அடுத்த ஜன்னலிலும்.
அதற்கடுத்ததிலும்.
கல் பட்டால் தாங்கட்டும் என்று
சுட்டுச் சட்டென்று குளிரவைத்து
இழுவையை உள்ளேயே பூட்டி அனுப்பிய கண்ணாடி.
கோடு காட்டினால் கேட்காது,
மொத்தமும் உப்புக்கல்லாய்க் கொட்டும்.

'என்னம்மா பாக்குறீங்க?' என்றார் கண்டக்டர்.
தாளை நீட்டினேன்.
ஒரு கண்ணை மூடிக்கொண்டு
முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார்.
'இது தினமும் இருக்குதா?'

குருபரப்பள்ளி வரைக்கும்
திருப்பித் தரவேயில்லை.