வானம் கொடுத்த கடன்

கார்புரேட்டரின் கிண்ணத்தைக் கழற்றியபோது
மூன்று தேக்கரண்டி மழை இருந்தது.
லெம்ஸ்டருக்கு மேற்கே, உருளைக்கிழங்கு வயலில்
மூக்கு புதைந்து நின்றது விமானம்.
மேலே வேறொரு மழை பெய்துகொண்டிருந்தது.
எந்த மழை எந்த நாளுடையது
என்று கேட்பதுதான் என் உத்தியோகம்.

இடது இறக்கையில் எரிபொருள் மூடி.
அதன் ரப்பர் வளையம்
நகம் பட்டதும் உதிர்ந்தது.
பதினோரு இரவு வெட்டவெளியில் நின்றிருக்கிறது.
மூடியைச் சுற்றிய சின்னப் பள்ளத்தில் தேங்கி
அவசரமே இல்லாமல் உள்ளே இறங்கியிருக்கிறது.
பெட்ரோலை விடக் கனம்;
டாங்கின் அடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளும்,
புறப்படும் நேரம் வரை.

ஹெரிஃபோர்ட் மருத்துவமனையில் ஹெட்டி ப்ரோஸர்
காறையெலும்பு உடைந்த கோபத்தோடு சொன்னார்:
"அவர் பார்த்தார்.
நாற்பது வருஷமாகப் பார்க்கிறவர்.
கோப்பையில் வடித்து, தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து,
நீலம் என்றார். ஏறினோம்."

எழுதிக்கொண்டேன்.
வானிலை நிலையத்திடம் கேட்டேன்:
அன்று காலை ஒரு மேகம் இல்லை.

எரிபொருளுக்கு நீலச் சாயம் போடுகிறார்கள்,
தண்ணீரிலிருந்து தனியே தெரியட்டும் என்று.
பாதிக்குப் பாதி கலந்திருந்தால்
நடுவே ஒரு கோடு விழும், யாருக்கும் தெரியும்.
கோப்பை முழுக்கத் தண்ணீரென்றால்
கோடு ஏது?

வெளுத்ததெல்லாம் பாலென்று நம்புகிறவனைக்
கேலி செய்யும் மொழி என்னுடையது.
இருந்தும் ஃபார்ன்பரோவில், ஆய்வகத்தில், ஒரு மதியம்
அதே மாதிரிக் கோப்பையில் குழாய்த் தண்ணீர் பிடித்து
ஜன்னலுக்கு நேராக உயர்த்தினேன்.

நீலம்.

வாய்விட்டே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.
பக்கத்து மேசை ட்ரெவர் "என்ன?" என்று திரும்பினான்.
கோப்பையைச் சுவரின் வெள்ளைக்கு நகர்த்தினேன்.
கடன் வாங்கிய நிறம் அங்கேயே போய்விட்டது.

பழி சுமத்துவது இதன் நோக்கமல்ல
என்று தொடங்கும் அறிக்கை, எப்போதும்போல.
முந்நூறு அடியில் இயந்திரம் நின்றது.
பிறகு பதினான்கு விநாடி.
அந்தப் பதினான்கைப் பற்றி
நாற்பத்தோரு பக்கம்.
பரிந்துரை ஒன்றே ஒன்று:
மாதிரியை வெள்ளைப் பின்னணியில் வைத்துப் பார்க்கவும்.
ஒரு தாள் போதும், ஒரு கைக்குட்டை.

இறந்தவரின் உடைமைப் பட்டியலில்
ஒன்பதாவது வரி:
வெள்ளைச் சட்டை, முழுக்கை, ஒன்று.
அந்த வரியை நான் அறிக்கையில் சேர்க்கவில்லை.
சேர்க்க வேண்டிய இடமும் இல்லை.

வரைவு போய்ச் சேர்ந்த வாரம்
ஹெட்டி தொலைபேசியில் வந்தார்.
மூடியைக் கேட்கவில்லை, மழையைக் கேட்கவில்லை.
"பார்த்தார்தானே?"

பார்த்தார், என்றேன்.